ஒரே கயிற்றில் நால்வர்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மலை ஏறிய கதையைச் சொல்லும்படி தலைவி கேட்டுக்கொண்டார். சிறுவயதில் கீரிமலைக்குப் போய் மலையைத் தேடியவள் நான். தயவுசெய்து சிரிக்கவேண்டாம்.

சுவிற்சர்லாந்தில் சாஸ்ஃபே என்ற ஊருக்கு மேலே அலலின்ஹோர்ன் என்ற மலை இருக்கிறது. உயரம் 4027 மீற்றர். நமது பீதுருதலாகலை 2524. கேபிள் காரும் மலையைக் குடைந்து ஓடும் ரயிலும் 1800 மீற்றரிலுள்ள ஊரிலிருந்து ஏறத்தாழ 3450 மீற்றருக்குக் கொண்டுபோய் விடும். மிச்சம் நம் கால்களின் பாடு. சறுக்குப் பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவோம். அதன் மயிர் பின்பக்கமாகப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள். இப்போது நைலோனிலும் ஆட்டுமயிரிலும் வருகிறது.

2018 சித்திரையில், என்னோடு வேலைசெய்யும் மூன்று சிநேகிதிகளுடன் போனேன். பனியாற்றின் வெடிப்புகளைப் புதுப்பனி மூடிக் கிடக்கும். ஆகையால் நால்வரும் ஒரே கயிற்றில் நடந்தோம். 3800 மீற்றரில் எனக்குத் தலையிடி, குமட்டல். வாய் திறக்கவில்லை. மற்றவர்களின் லீவும் காசும் என்னால் வீணாகக்கூடாது என்று நினைத்தேன். வீம்பும் இருந்தது, மறைப்பானேன்.

பின்னால் வந்தவள் என் நடை கோணுவதைக் கண்டுவிட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். இதே மண்டபத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் 86 இல் நின்றுவிட்டேன். உச்சிக்கு இன்னும் 200 மீற்றர்தான். மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். ஊருக்கு இறங்கித் தலையிடி விட்ட பிறகுதான் ஏச்சு விழுந்தது. திரும்பியதற்காக அல்ல, மறைத்ததற்காக. "நீ விழுந்தால் எங்களையும் அல்லவா இழுப்பாய்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

நாலாயிரம் மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் அறுபது வீதமளவுதான். பழகிக்கொள்ள உடம்புக்கு நேரம் வேண்டும். ரயில் அதைக் கொடுப்பதில்லை.

மறுவருடம் 3030 மீற்றரிலுள்ள பிரிட்டானியா விடுதியில் ஓரிரவு தங்கினோம். நித்திரை சரியாக வரவில்லை. காலையில் ஏறினோம். கடைசிச் சரிவில் பலகைகளை விட்டுவிட்டு, சப்பாத்தில் இரும்பு முள் பூட்டி நடந்தோம். உச்சியில் அவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை, "நூறிலிருந்து தொடங்கு" என்றாள். இம்முறை 2 வரை போனேன். சறுக்கி இறங்கும்போது இரண்டு தரம் விழுந்தேன். அது வேறு கதை.