அழித்தும் தெரியும் எழுத்து

ஆங்கில ஆய்வு நூல்களில் ‘பாலிம்ப்செஸ்ட்’ என்றொரு சொல் எப்போதாவது தலைகாட்டும். பழைய எழுத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிய தோல் ஏடு என்பது அதன் நேர்ப்பொருள். கிரேக்கத்தில் ‘மீண்டும்’, ‘தேய்த்தல்’ எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது.

அக்கால ஐரோப்பாவில் ஒரு நூல் எழுதப் பல ஆடுகளின் தோல் வேண்டும். ஆகவே, வேண்டாத நூலைச் சுரண்டிவிட்டு அதே தோலில் எழுதினர். ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களுக்கும் அந்தக் கதிதான். 10ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஏடு 1229இல் பிரார்த்தனைப் புத்தகமாயிற்று. டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் 1906இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் அதைக் கண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அடியெழுத்தைப் படித்தார். வேறெங்கும் கிடைக்காத ‘முறை’ என்ற நூலும் அதிலிருந்தது! 1998இல் அந்த ஏடு நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பின்னர் எக்ஸ்ரே கதிர்கள் மையிலிருந்த இரும்பைக் காட்டிக்கொடுக்க, ஹைபெர்க் காணாத வரிகளும் வெளிப்பட்டன.

தமிழ் ஏட்டின் கதை வேறு. எழுத்தாணி பனையோலையைக் கீறியே எழுதுகிறது. அதைச் சுரண்டினால் ஓலைதான் கெடும். பழுதான சுவடியைப் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். எடுக்காமல் விட்டதைக் கரையான் தின்றது. இச்சொல்லுக்கு நிகரான பழஞ்சொல் தமிழில் வழங்காததில் வியப்பில்லை. ‘அழித்தெழுதிய ஏடு’ எனலாம். ஆனால் அதில் பாதிப் பொருளே வருகிறது. அழித்தது இன்னும் தெரிகிறது என்பதுதானே இச்சொல்லின் உயிர்!

1845இல் டி குவின்சி என்ற ஆங்கில எழுத்தாளர் மனித மூளையையே இத்தகைய ஏடு என்றார். பழைய நினைவு மறைவதில்லை, புதியதன் அடியில் கிடக்கிறது என்பது அவர் கருத்து. அதன்பின் இச்சொல் நிலத்துக்கும் நகரத்துக்கும் பரவியது. கொஞ்சம் தாராளமாகவே பரவிவிட்டது. பல இன மக்கள் அக்கம்பக்கமாக வாழும் ஊரை இப்படி அழைப்பது பொருந்தாது. அது கலவை. அங்கே ஒன்றை அழித்து மற்றொன்று எழுதப்படவில்லை.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவுக்கு இச்சொல் அப்படியே பொருந்தும். 537இல் தேவாலயம், 1453இல் பள்ளிவாசல், 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மீண்டும் பள்ளிவாசல். சுண்ணப் பூச்சுக்குள் மறைந்திருந்த கிறிஸ்துவச் சித்திரங்கள் 1931 முதல் வெளியே எடுக்கப்பட்டன. இப்போது அவற்றில் சிலவற்றைத் திரையிட்டு மறைக்கிறார்கள்.