விட்ட கையும் நீட்டிய கையும்



நம்மில் பலர் சைக்கிள் கற்றது வாடகை வண்டியில்தான். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் குரங்கு பெடல் போட்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, பிறகு ஒருநாள் சீட்டில் ஏறினோம். கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்த அப்பாவோ அண்ணனோ, "பிடிச்சிருக்கேன், நீ முன்னாடி பாத்து மிதி" என்றார். எப்போது கையை விட்டார் என்று நமக்குத் தெரியாது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தபோதும் இப்படித்தான்: பிடித்தவர்கள் விட்டதால்தான் அந்தப் பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் தாங்களே போனார்கள்.

ஆனால் விடுவது என்றால் கைவிடுவதா?

சர்க்கஸில் ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பார்த்திருப்போம். அதில் பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். தேறியவர்கள் இறக்கத்தில் இரு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, மிதப்பதுபோல் போவார்கள். ஒரு பாதம் மட்டும் டயரின்மேல் இலேசாக உரசிக்கொண்டிருக்கும். அதுதான் பிரேக். கற்பவர் பயந்து அழுத்தினால் சக்கரம் நிற்கும், ஆள் முன்னால் விழுவார். பாதத்தை எடுத்தால் சக்கரம் முந்தி ஓடும், ஆள் பின்னால் விழுவார். பலமுறை விழுந்த பிறகே பாதத்துக்கு அந்த அளவு பிடிபடும்.

பிள்ளை வளர்ப்பிலும் நமக்குப் பிடிபடாதது இந்த அளவுதான். மகளுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. விடுதிக்குப் போகிறாள். கடலூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும், "சாப்பிட்டியா? யார்கூட இருக்க? ஏன் போன் எடுக்கல?" என்று நாளுக்குப் பத்து முறை அழைக்கிறோம். அன்புதான், ஆனால் அழுத்துகிறோம். ஒருநாள் அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிடுகிறாள். வேறு சில வீடுகளில், பணம் கட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அவள் அழுத இரவு நமக்குத் தெரியாமலே போகிறது.

மத்தேயு நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் பேதுரு படகைவிட்டு இறங்கித் தண்ணீர்மேல் நடக்கிறார். ஆண்டவர் அவரைத் தடுக்கவில்லை, தூக்கிச் செல்லவும் இல்லை. வரச் சொன்னார். காற்றைக் கண்டு அஞ்சிய பேதுரு மூழ்கத் தொடங்கியதும், உடனே கைநீட்டிப் பிடித்தார். அப்படியானால், நடக்கவிட்ட நேரம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார் என்றுதானே பொருள்? நம்மையும் அவர் அப்படித்தான் நடத்திவருகிறார்.

இன்று மாலை, வெளியூரில் இருக்கும் பிள்ளையை ஒரே ஒருமுறை அழைப்போம். கேள்விகளைக் குறைத்து, பிள்ளை பேசுவதைக் கேட்போம். போனை வைத்தபின், பிள்ளைக்காக ஒரு பத்து மணி செபமாலை சொல்வோம்.

செபிப்போம்: ஆண்டவரே, விடவேண்டிய நேரத்தில் விடவும், விழும் நேரத்தில் பிடிக்கவும் எங்கள் கைகளுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.