பாரவண்டியின் மட்டம்

(விவசாயிகள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுங்கால் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றியவர்கள் நாம். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும் என்பதை அறிவோம். இன்று நம் வாழைத்தார் பிக்கப் வண்டியில் சந்தைக்குப் போகிறது. அந்த நல்ல வழக்கமோ மறந்துபோயிற்று.

சென்ற அறுவடைக் காலத்தில் ஓரிரவு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பின்புறம் தாழ்ந்து, முகத்தை உயர்த்தி எதிரே வந்த பிக்கப்பின் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. வாய்க்கால் கரையில் சறுக்கி விழுந்தேன். கைக் காயத்துடன் தப்பினேன். ஓட்டி வந்தவர் ஓடி வந்து தூக்கிவிட்டார். அவர் விளக்கைத் தாழ்த்தியே வைத்திருந்தார். குற்றம் வண்டியின் மட்டத்தில் இருந்தது.

கணக்கைக் கேளுங்கள். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், முன்புறத்தைவிடப் பின்புறம் 6 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்தால், 50 மீட்டர் தொலைவில் வெளிச்சம் 1 மீட்டர் மேலே எழும்பும். முன் சக்கரங்களில் பாரம் குறைவதால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும்.

வெறும் வண்டியில் பின்புறம் சற்று உயர்ந்திருப்பது குறையன்று. பாரம் ஏறியதும் மட்டமாக வேண்டும் என்றே அவ்வாறு அமைக்கிறார்கள். அழகுக்காக முன்புறத்தில் தட்டு வைத்து உயர்த்துவது, பாரம் சுமக்கும் வண்டிக்குக் கேடேயாகும்.

பட்டறைக்குப் போகுமுன் அளந்து பாருங்கள். டயர்களில் சரியான காற்று நிரப்பி, சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றி மீண்டும் அளவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் பட்டை ஒடிந்திருக்கலாம். இருபுறமும் தாழ்ந்தால் பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது பாரம் மிகுந்திருக்கலாம்.

தளர்ந்த பட்டைக்கு, வண்டிக்குரிய புதிய பட்டைக் கட்டை இருபுறமும் ஒருங்கே மாற்றுவதே முறை. யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, குறுக்காக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். சில நாள் ஓடியபின் மறுபடியும் முடுக்க வேண்டும். பின்னர் சக்கர நேர்மையையும் விளக்கின் நோக்கையும் சரிபார்த்தல் அவசியம்.

அதிகப் பாரத்திற்காகப் பட்டை கூட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. சில வண்டிகளில் பின்புறம் தாழ்வதைக் கொண்டே பாரத்தை அறிந்து, பின் பிரேக்குக்கு விசை தரும் வால்வு இருக்கிறது. பட்டை கூடினால் வண்டி தாழாது. பாரமில்லையென வால்வு ஏமாந்து, பிரேக் விசையைக் குறைத்துவிடும். பட்டையை வலுப்படுத்தினாலும் பிரேக்கும் அச்சும் டயரும் பழையனவே அல்லவா?

பதிவுச் சான்றில் மொத்த எடையும் வெற்று எடையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வித்தியாசமே ஓட்டுநர் உட்பட நீங்கள் ஏற்றத்தக்க பாரம். அதை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை மிச்சப்படுத்தியதன் இலாபம் எங்கே நிற்கும்?

ஆகவே, கனமான பொருளைப் பின் அச்சுக்கு முன்பாக வையுங்கள். மிகுந்ததை மறுநடையில் கொண்டு செல்லுங்கள். அல்லது அண்டை வீட்டாருடன் கூடி மற்றொரு வண்டி அமர்த்துங்கள். நம் விளைச்சல் சந்தை சேர்வதைப் போலவே, எதிரே வருபவரும் வீடு சேர வேண்டும்.