தானே மாறும் கியரும் தவிக்கும் குடும்பமும்



1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டில் ஓல்ட்ஸ்மொபீல் என்னும் காரில் புதியதோர் உறுப்பைப் பொருத்தி, 1940ஆம் ஆண்டின் மாதிரியாக விற்பனைக்கு அறிவித்தார்கள். கிளட்ச் மிதிகட்டை இல்லாமல், ஓட்டுகிறவரின் கையை எதிர்பாராமல், வேகத்துக்கு ஏற்பத் தானே கியரை மாற்றிக் கொள்ளும் பெட்டி அது. வானொலி விரைவிலேயே நம் வீடுகளுக்குள் வந்து அமர்ந்தது. அந்தப் பெட்டியோ நம் தெருவுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய விலையில் அது இந்தியாவில் பரவலானது 2014க்குப் பிறகுதான். வந்தது நன்றே. ஆனால் அதைப் பழுது பார்க்கும் வழியும் உடன் வந்ததா? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்தப் பெட்டி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். மோர் கடையும்போது மத்து சுழல்கிறது. மத்தோடு மோர் சுழல்கிறது. மோரில் மிதக்கும் வெண்ணெயும் சேர்ந்து சுழல்கிறது. மத்துக்கும் வெண்ணெய்க்கும் இடையே கயிறும் இல்லை, கட்டும் இல்லை. நடுவே நிற்கும் திரவமே விசையைக் கடத்துகிறது. தானியங்கிக் கியரில் பெரும்பாலானவை இந்த முறையில் அமைந்தவையே. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது; அது எண்ணெயைச் சுழற்றுகிறது; எண்ணெய் எதிரேயுள்ள விசிறியைச் சுழற்றி விசையைச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. இதற்கு டார்க் கன்வர்ட்டர் என்று பெயர். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1905இல் கப்பல்களுக்காகக் கண்டு காப்புரிமை பெற்ற கருத்து இது. இதன் பின்னே பல்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விடுத்தும் நிற்கும் கிளட்ச் தட்டுகளும், எண்ணெயை உரிய வாய்க்காலில் திருப்பிவிடும் வால்வுகளும் உள்ளன.

இங்கே எண்ணெய்க்கு நான்கு தொழில்கள். அது விசையைக் கடத்த வேண்டும். தட்டுகளை அழுத்த வேண்டும். உராய்வைக் குறைக்க வேண்டும். வெப்பத்தை வெளியே கொண்டு செல்ல வேண்டும். நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது இரு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வீணாகும் விசையெல்லாம் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது. வெப்பத்தால் எண்ணெய் கருகுகிறது, தட்டுகள் வழுக்குகின்றன, வழுக்கலால் வெப்பம் இன்னும் மிகுகிறது. நோயே நோயை வளர்க்கும் நிலை அது.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 2016இல் எங்கள் வீட்டில் ஏழு பேர் அமரும் வண்டி ஒன்று வாங்கினோம். திருவரங்கத்திலிருந்து என் மனையாளை வாரம் இருமுறை திருச்சி நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். என் இடது முழங்கால் கிளட்சை மிதிக்க இடங்கொடாது. ஆகவே தானே கியர் மாற்றும் வகையைத் தேர்ந்தோம். ஏழாண்டுகள் அது குறையின்றி உழைத்தது. எட்டாம் ஆண்டில், மாம்பழச் சாலையிலிருந்து சிந்தாமணிக்குச் செல்லும் காவிரிப் பாலத்தில், மாலை நெரிசலில், எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்தவர்களின் ஒலிப்பான்கள் முழங்கின. மருத்துவமனையில் குறித்த நேரம் கடந்துகொண்டிருந்தது. என் மனையாளோ, "நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன், நீங்கள் வண்டியைப் பாருங்கள்" என்று இறங்கிவிட்டாள்.

வண்டியைக் கொண்டுபோன பணிமனையில் இருவர் கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். கால்மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது: "சார், முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்." கேட்ட தொகை மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். வண்டியை விற்றால் அதைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். எந்த உறுப்பு கெட்டது என்று கேட்டேன். "உள்ளே பிரிப்பதில்லை சார், பெட்டியாகவே வரும்" என்றார்கள். எண்ணெயை மாற்றியிருக்க வேண்டுமோ என்று கேட்டேன். கையேட்டைப் புரட்டிக் காட்டினார்கள்; ஆயுள் முழுவதற்கும் அந்த எண்ணெய் போதும் என்று அதில் அச்சிட்டிருந்தது. யாருடைய ஆயுள்? வண்டியின் ஆயுளா, உத்தரவாதத்தின் ஆயுளா? அந்தச் சொல்லுக்கு அங்கே எவரும் பொருள் கூறவில்லை.

வேறொரு சிறு பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். தேய்ந்தவை சில கிளட்ச் தட்டுகளும், வால்வுத் தொகுதியில் இரண்டு மின் திறப்பான்களுமே. "தம்பி, இவற்றை மட்டும் மாற்ற இயலுமா?" என்றேன். "கை இருக்கிறது ஐயா, சாமான்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்றார். இறுதியில் சென்னையிலிருந்து அவற்றைத் தருவிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் என் மனையாள் ஆட்டோவில் பாலம் கடந்தாள். செலவோ, முதலில் கேட்ட தொகையில் கால்பங்கைத் தாண்டவில்லை.

அந்தப் பட்டறைக்காரரின் சொல்லில் நாடு தழுவிய வழக்கொன்று அடங்கியிருக்கிறது. உதிரி உறுப்புகளையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் உற்பத்தியாளர்கள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளும் எழுந்தன. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமையை ஆராயக் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. நான் கேட்பது சலுகையன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், விரும்பிய கைவினைஞரிடம் செப்பனிடவும் உரிமை வேண்டும் என்பதே.

புதிய நுட்பம் நுணுக்கமானது, சாதாரணக் கைகளுக்கு எட்டாது என்பார்கள். அவர்கள் நம் பொன்மலைக்கு வரட்டும். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள், 1914 முதல் ஸ்விட்சர்லாந்தில் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்துச் செப்பனிடுவதோடு நில்லாமல், இந்த நூற்றாண்டில் அதே வகையில் புதிய எஞ்சின்களையும் பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்திருக்கிறது. வரைபடமும் கருவியும் கைக்குக் கிடைத்தால் நம் தொழிலாளிக்கு எட்டாத நுணுக்கம் இல்லை. எட்டாதபடி பூட்டி வைப்பது வேறு, எட்டாமை வேறு.

இத்தகைய வண்டி வைத்திருப்போருக்குச் சில சொற்கள். உங்கள் வண்டியின் கியர் எவ்வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். வழக்கமான கியர் பெட்டியையே மின்விசை கொண்டு மாற்றும் வகையும் உண்டு. அதன் நோயும் மருந்தும் வேறு. கையேடு என்ன சொன்னாலும், நெரிசலிலேயே ஓடும் வண்டியாயின், எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் தேர்ந்தவரிடம் அவ்வப்போது காட்டுங்கள். கருகிய வாடை முதல் எச்சரிக்கை. கியரைப் போட்டபின் வண்டி தயங்குவது இரண்டாம் எச்சரிக்கை. பழுதாகி நின்றால், எஞ்சின் விசை செல்லும் சக்கரங்கள் தரையில் உருளும்படி நெடுந்தூரம் இழுத்துச் செல்லலாகாது. எஞ்சின் ஓடாதபோது எண்ணெயைச் செலுத்தும் பம்பும் ஓடாது. உள்ளுறுப்புகள் வறண்டு தேயும். வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியையே அழையுங்கள்.

முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால், எந்த உறுப்பு, என்ன குறை, தனித்தனியே என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வழக்கு உண்டாயின், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

யந்திரம் தானே இயங்கட்டும். அது நம் காலுக்கு ஓய்வு. ஆனால் அது கெடும்போது ஏன் என்று கேட்கும் வாயையும், திறந்து பார்க்கும் கையையும் நாம் ஓய விடலாகாது.