ஒரே ஆளுக்கு ரெண்டு மார்க் எப்படி?
(அணைக்கட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



நாலு மாதம் முன்னாடி நம் குழு அக்கா ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க மகன் காட்பாடி ரயிலடியில் இருந்து வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்லும் டிரைவர். வாடகை வண்டி ஓட்டினது போதும், சொந்தமா ஒரு கார் எடுக்கலாம்னு லோனுக்குப் போனாங்க. அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். செல்போனில் பார்த்தப்போ அக்காவுக்கு 748 மார்க். லோன் கேட்ட இடத்தில் 671 என்றார்கள். வட்டியும் கூடும் என்றார்கள். "நான் ஒரே ஆள்தானே, எனக்கு எப்படி ரெண்டு மார்க்?" என்று கேட்டாங்க.

அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறோம்.

நம் குழுவுக்குத் தர மதிப்பீடு செய்ததை நினைத்துப் பாருங்கள். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், பதிவேடு என்று அஞ்சையும் பார்த்து மார்க் போடுவாங்க. ஒருத்தர் வருகைக்குக் கூடுதலாப் போடுவார், இன்னொருத்தர் வசூலுக்குப் போடுவார். குழு ஒண்ணுதான், மார்க் வேறே.

தனி ஆளுக்கும் அப்படித்தான். நம் நாட்டில் கடன் விவரம் திரட்டும் கம்பெனிகள் நாலு இருக்கு: சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ரிசர்வ் வங்கி அனுமதியோடு நடப்பவை. மார்க் 300-ல் இருந்து 900 வரை. நாலுக்கும் நாலு கணக்கு முறை. செல்போனில் பார்த்தது ஒரு கம்பெனியின் மார்க்காக இருக்கும். லோன் கொடுப்பவர் பார்த்தது இன்னொன்றாக இருக்கும்.

தேதியும் ஒரு காரணம். 2025 ஜனவரி முதல் 15 நாளுக்கு ஒரு தடவை விவரம் அனுப்பணும்னு வங்கிகளுக்கு விதி வந்தது. அதற்கு முன் மாதம் ஒரு தடவைதான். நேற்று கட்டின தவணை இன்றைக்கே ஏறாது.

பெயரும் ஒரு காரணம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் வீட்டுக்காரர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று. ஒரே ஆளின் கடன் ரெண்டு ஆளாகப் பிரிந்துவிடும். அடுத்தவர் கடன் நம் பேரில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

அக்காவுக்கு என்ன ஆச்சு? நாலு அறிக்கையும் வாங்கிப் பார்த்தோம். ஒன்றில் மட்டும், ரெண்டு வருஷம் முன்னாடி முடித்த பிரிட்ஜ் தவணை பாக்கி என்றே நின்றது. நல்ல வேளை, கடன் முடித்த கடிதத்தை அக்கா பத்திரமா வெச்சிருந்தாங்க. அதைச் சேர்த்துப் புகார் கொடுத்தோம், திருத்தினார்கள். மகனுக்குக் கார் வந்தது.

அதனால் சகோதரிகளே, மார்க் ஏன் வேறே என்று கலங்க வேண்டாம். உள்ளே எழுதியிருக்கும் வரிகள் சரியா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நாமே பார்ப்பதால் மார்க் குறையாது. ஆனால் ஷோரூம்காரர் நம் விண்ணப்பத்தை அஞ்சாறு பைனான்ஸுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் குறையலாம். எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கணும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தரணும் என்று 2024 ஏப்ரலில் இருந்து விதி இருக்கு. கடன் முடிந்ததும் முடித்த கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியா ஒன்று. 2016-லேயே குழுக் கடனை உறுப்பினர் வாரியாகத் தெரிவிக்கணும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. பிள்ளை லோனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அவன் தவறும் தவணையும் நம் பேரில்தான் ஏறும். ஆம்பூர் கம்பெனியில் தைத்துச் சம்பாதித்தாலும், மாடு வெச்சுச் சம்பாதித்தாலும், நம் பேர் நம் உழைப்பில் வந்தது. அதில் தப்பு வரி நிற்க விடக்கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு ஆதாரும் பான் கார்டும் எடுத்து வாங்க. ரெண்டிலும் பெயர் ஒன்றா என்று சேர்ந்து பார்ப்போம்.