முதல் நூலே நாவலா?



இதுவரை ஒரு வரிகூட அச்சேறாத ஒருவர் நாவல் எழுதத் துணியலாமா? நம் இலக்கியக் கூட்டங்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: முதலில் சிறுகதை எழுது, நாலு பத்திரிகையில் பெயர் வரட்டும், பிறகு பார்க்கலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. சிறுகதைக்குச் சட்டென்று முடிக்கத் தெரிய வேண்டும். நாவலுக்கு முடிக்காமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். ஒன்றில் தேறியதால் மற்றதில் தேறிவிடுவோம் என்பதில்லை.

வத்தலக்குண்டு பி. ஆர். ராஜம் ஐயர் 1872இல் பிறந்தவர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. முன்மாதிரி என்று பார்க்க, வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட நாவலை விட்டால் தமிழில் அதிகம் இல்லை. 1898இல் ராஜம் ஐயர் மறைந்துவிட்டார். ‘சிறுகதையில் கை பழகிவிட்டு வா’ என்று யாராவது தடுத்திருந்தால் நமக்கு அந்த நாவல் இல்லை. (தமிழில் அப்போது இன்றைய பொருளில் சிறுகதையே கிடையாது என்பது வேறு விஷயம்.)

தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் எழுதுவதற்கு அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை; தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு மட்டும் காதில் இருந்தது. அவருடைய முதல் நாவலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது.

சரி, பெயர் வாங்கிவிட்டால் பதிப்பாளர் வாசலில் வந்து நிற்பாரா? ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பாவைவிடப் பெயர் பெற்றவர் யார்? ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகங்களையும் 1997இல், முதிய வயதில், அவரேதான் வெளியிட்டார். சாகித்திய அகாதெமி பரிசு 2001இல் வந்தது. அதை வாங்க அவர் உயிரோடு இல்லை.

ஆகவே அச்சேறுமா என்ற கேள்வியை வைத்து எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள். பெயரில்லாதவருக்கு ஒரு வசதி உண்டு: யாரும் காத்திருக்கவில்லை. வாரக் கடைசியில் வாசகரைத் தவிக்கவிட்டு ‘தொடரும்’ போட வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிக்காத அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டால் கேட்பாரில்லை.

நான் எடைபோடச் சொல்வது வேறு. நாளுக்கு 300 சொல் எழுதினால் 200 நாளில் 60,000 சொல் வரும், நடுத்தர நாவல். கணக்கு எளிது. நூறாவது நாள், நாவலில் வரும் மனிதர்கள் உங்களுக்கே சலித்துப்போயிருக்கும்போதும் உட்கார முடியுமா? அவர்கள் கதையைச் சுருக்கி எழுதிப் பார்த்தும் மனம் ஆறவில்லையா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தொடங்கிவிடுங்கள். அச்சுக்குக் கடன் மட்டும் வாங்காதீர்கள். இன்று தேவைக்கேற்பப் பத்து, இருபது பிரதிகள்கூட அடிக்க முடிகிறது.

எழுதி முடித்ததும் என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவர வேண்டாம். நாங்கள் வடிவத்தைப் பற்றிப் பேசியே பொழுதைக் கழிப்போம். கதை நடக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுங்கள். ‘எங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டாங்களே’ என்று அவர் சொல்லும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வரைவுக்கு அது போதும்.