ஒரே ஹார்ட் டிஸ்க், மூணு கம்ப்யூட்டர்

சான்றிதழ் நகல், பத்திர ஸ்கேன், கல்யாண வீடியோ எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்களா? அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பயன்படுத்தணுமா? அப்போ ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையை, பார்த்துத் தேர்ந்தெடுங்க.

ஃபேட்32 மூன்றிலும் திறக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோ அதில் ஏறாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக்கில் பார்க்கலாம். கூடுதல் மென்பொருள் இல்லாமல் எதையும் பதிய முடியாது. மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துவது எக்ஸ்ஃபேட். 2019-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.4 முதல் அதிலும் நேரடி ஆதரவு உண்டு.

ஒண்ணு மறக்காதீங்க: ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போயிடும். முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து, அது திறக்குதான்னு பாருங்க. பதிவாகும்போது பாதியில் பிடுங்கினால் கோப்பு கெடலாம்; எஜெக்ட் கொடுத்துட்டுக் கழட்டுங்க. டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களை அங்கேயும் சேர்த்து வையுங்கள்.